ஏனோ எண்டு வருது, சேர்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. வெள்ளவத்தையில் மழை. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த ஏழு உடுப்புகளில் நாலை உள்ளே எடுத்திருந்தேன்; தொலைபேசி அடித்தது. மற்ற மூன்றும் நனைந்துவிட்டன.

"சேர், நான் ரெஜினா கதைக்கிறன். ஒருகொடவத்தை யார்ட் கேட்டில இருந்து. புரோகிராம் விழுந்திட்டுது."

முதலில் என்னைப் பற்றி. எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் C மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். 2009இல் ஒருகொடவத்தையில் உள்ள ஒரு கொண்டெய்னர் யார்டுக்கு வாசல் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். லொறி வந்தால் எந்த வாடிக்கையாளருடைய பெட்டி, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று பதிந்துவிட்டுத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கும். 3,412 வரிகள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும். நான் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் தொலைபேசி இலக்கம் மட்டும் வாசல் கணினியின் பக்கத்தில் இன்னும் ஒட்டியிருந்தது.

"என்ன மெசேஜ் வந்தது?" என்று கேட்டேன்.

"FILE ERROR."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் சேர். நீங்கதானே எழுதினனீங்க."

அவர் தொடர்ந்தார். பின்னால் லொறிக்காரர் ஒருவர் சிங்களத்தில் கத்துவது கேட்டது: "கேட் எக அரின்ன மல்லி!" கேட்டைத் திறக்கச் சொல்லிக் காவலாளியிடம்தான். பிறகு ஹோர்ன் சத்தம், ஆறு தரம்.

"இது மூண்டாம் தரம் சேர். மூண்டும் என்ட ஷிஃப்டில. மனேஜர் நான்தான் ஃபைலை அழிக்கிறன் எண்டு சொல்றார். அடுத்த வெள்ளி பத்து மணிக்கு விசாரணையாம். கடிதம் கையில தந்திட்டார்."

ரெஜினா மன்னாரில் பிறந்து கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர். வயது நாற்பத்தொன்று. அந்த வாசலில் பதினாறு வருடம். அவருடைய சம்பளம் ஒன்றில்தான் வீடு ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். இடையில் இருந்தது பத்து நாள்.

1. பத்து எழுத்துச் சிக்கனம்

அன்று பகலே போனேன். வீட்டிலிருந்து கீழே ஐம்பத்துநாலு படி. புறக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். குடையோடு போய்ச் சேர மணி 11.55.

மனேஜர் பளீலை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். வந்து எட்டு மாதமானவர், நாற்பது வயதிருக்கும், சேர்ட்டின் மடிப்புக் குலையாதவர். மரியாதையாகக் கதிரை தந்தார். பிளேன்ரீ வந்தது.

"பாருங்க அங்கிள், எனக்கு யாரோடயும் கோவம் இல்ல. ஆனா மூணு தரம் விழுந்தீக்கி. மூணு தரமும் ரெஜினா ஈந்த நேரம். நிமல் ஈக்கிற நேரம் ஒரு தரமும் இல்ல. மெஷினுக்கு ஆள் தெரியுமா? ஹெட் ஒபிஸ்ல என்னத்தச் செல்ற நான்?"

நிமல் என்பவர் மாறி மாறிப் பகல் ஷிஃப்ட் பார்க்கும் மற்றக் கிளார்க். பளீல் சொன்னதில் பிழை இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்குப்படி மூன்றுக்கு மூன்று. புரோகிராம் ஒருமுறை விழுந்தால் திரும்ப எழும்ப இருபத்தைந்து நிமிடம். அதற்குள் லொறிகள் பிரதான வீதி வரை நின்றுவிடும். எழும்பிய பிறகு அதே பெட்டியை ரொக்க வாடிக்கையாளர் என்ற பொதுப் பெயரில் பதிந்தால் ஒரு பிசகும் இல்லாமல் பதியும். ஆகவே யாரோ கை வைக்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

நான் மூலநிரலைத் திறந்து எண்ணினேன். கோப்பைத் திற, எழுது, மூடு என்று லினக்ஸின் மையமான கேர்னலிடம் வேலை கேட்கும் இடங்கள், நாங்கள் சிஸ்டம் கோல் என்பவை, அறுபத்தொன்று. அதில் ஐம்பத்தெட்டு இடத்தில் வேலை நடந்ததா என்று சரிபார்த்திருந்தேன். அந்த ஐம்பத்தெட்டிலும் தோல்வி என்றால் ஒரே செய்தி: FILE ERROR. இடைவெளியோடு பத்து எழுத்து. எந்தக் கோப்பு என்று இல்லை. என்ன செய்யப் போனது என்று இல்லை. ஏன் முடியவில்லை என்றும் இல்லை.

நான் தொழில் பழகிய காலத்தில் ஞாபக இடம் எழுத்துக்கு எழுத்து எண்ணித்தான் கிடைத்தது. அந்தப் பழக்கம் 2009இலும் விடவில்லை. அப்போது அதை நேர்த்தி என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரெஜினா முதுகைக் காட்டிக்கொண்டு லொறிச் சீட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தார். ஏன் என்று புரோகிராம் சொல்லாத இடத்தில் யார் என்று மனிதர்கள் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

2. விழுந்தும் வெற்றி

திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். சிஸ்டம் கோல் தோற்றால் அதன் காரணத்தைக் கேர்னல் errno என்ற மாறியில் ஓர் எண்ணாக விட்டுவைக்கும். strerror என்ற ஃபங்ஷனிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் ஒரு வாக்கியம் தரும். FILE ERRORக்குப் பக்கத்தில் அந்த வாக்கியத்தைச் சேர்த்தேன். ஐம்பத்தெட்டு இடம், ஒரு மணி பத்து நிமிடம். மழைக்குள் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

வியாழக்கிழமை காலை பளீலே தொலைபேசி எடுத்தார்.

"அங்கிள், திரும்பவும் விழுந்திட்டு. என்ன காட்டுது தெரியுமா?"

"சொல்லுங்கோ."

"FILE ERROR, Success. விழுந்தும் சக்ஸஸ் எண்டு செல்லுது ஒங்கட புரோகிராம். எனக்கும் இப்பிடி ஒரு வேலை ஈந்தா நல்லம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டில் இருந்த மூலநிரல் பிரதியைத் திறந்தேன்.

பிழை எங்கே என்று பிடிக்க மூன்று மணி நேரம் எடுத்தது. செய்தியைத் திரையில் காட்டுவதற்கு முன்னால், நடந்ததை ஒரு லொக் கோப்பில் எழுத நானே ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தேன். அந்த ஃபங்ஷன் உள்ளே ஓர் எண்ணை வாசிக்கும். வாசிப்பதற்கு முன்னால் errnoவைப் பூச்சியமாக்கும். அப்படிச் செய்வது அந்த இடத்துக்குச் சரியான முறைதான். ஆனால் கோப்பைத் திறக்கும் open விட்டுச் சென்ற காரணத்தை என் சொந்த லொக் ஃபங்ஷன் அழித்துவிட்டது. பூச்சியத்துக்கு strerror தரும் வாக்கியம் Success.

யார்டில் ஏதோவொன்றை அழித்த ஆள் ஒருவர் இருந்தார்தான். அது நான்.

வெள்ளிக்கிழமை திரும்பப் போனேன். இந்தமுறை தோல்வி என்று தெரிந்த அடுத்த வரியிலேயே, வேறு எந்த ஃபங்ஷனையும் கூப்பிட முன்னர், errnoவை வேறொரு மாறியில் எடுத்து வைத்தேன். வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன். Success என்ற சொல் அந்தத் திரையில் இனி எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது என்ற கோபம். பதிலாகப் பிழையின் குறிச்சொல் மட்டும் வரும்படி செய்தேன். சுருக்கம். பார்த்தீர்களா, பாடம் இன்னும் ஏறவில்லை.

3. ஏனோ

திங்கட்கிழமை, காலை 10.05. மழை விட்டிருந்தது.

"சேர், ரெஜினா. விழுந்திட்டுது."

"என்ன வருது?"

"ஏனோ எண்டு வருது, சேர்."

"ஏனெண்டு தெரியாமத்தானே நானும் ஒரு கிழமையா நித்திரை இல்லாமல் கிடக்கிறன்! ஸ்கிரீனில என்ன கிடக்கு எண்டு வாசியுங்கோ."

"அதைத்தான் சேர் வாசிக்கிறன். ஏனோ எண்டு கிடக்கு."

"ரெஜினா, பகிடி விடுற நேரமே இது? உங்கட வேலை போகப் போகுது. நான் இந்த வயதில மூண்டு பஸ் மாறி..."

மூன்று பஸ் இல்லை, இரண்டுதான். கோபத்தில் ஒன்று கூடிவிட்டது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஏசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் அமைதியாகச் சொன்னார்.

"சேர், நான் ஒண்டும் சொல்லேல்லை. அது சொல்லுது. எழுத்துக் கூட்டுறன், எழுதுங்கோ. E. N. O. E. N. T."

பேனை கையில் இருந்தது. எழுதிவிட்டுப் பார்த்தேன். ENOENT. முப்பத்தெட்டு வருடம் நான் கண்ணால் மட்டும் வாசித்த சொல். ஒருநாளும் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. எங்கள் தமிழில் அதை வாய்விட்டு வாசித்தால் 'ஏனோஎண்டு' என்றுதான் வரும்.

"ரெஜினா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை சேர். அப்ப அது என்னெண்டு சொல்லுது?"

ENOENT என்றால் அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று பொருள். தொலைபேசியை வாங்கிய பளீலுக்கும் அதையே சொல்ல வேண்டி வந்தது. ஒளிக்க எனக்குத் தெரியாது.

"அப்ப ஃபைல் இல்லாமப் பெய்த்தீக்கி," என்றார் பளீல். அவருடைய குரலில் வெற்றி இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "நான் செல்லல்ல அங்கிள், ஒங்கட மெஷினே செல்லுது. இல்லாமப் போனா யாரோ அழிச்சிருக்கணும் தானே?"

எந்தக் கோப்பு இல்லை? செய்தியில் அது இல்லை. குறிச்சொல்லை வைத்தவன் பெயரை வைக்கவில்லை. அரைகுறைச் செய்தி அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. FILE ERROR என்று மட்டும் இருந்திருந்தால்கூட அவருக்கு அது மேல்.

4. விழவேண்டும் என்று காத்திருந்தது

செவ்வாய்க்கிழமை மூன்றாம் தரம் போனேன். இந்தமுறை எண்ணிச் சேமிக்கவில்லை. அறுபத்தொரு இடத்திலும், முன்பு சரிபார்க்காமல் விட்ட மூன்றையும் சேர்த்து, முழுச் செய்தி எழுதினேன். என்ன செய்யப் போனது, எந்தக் கோப்பில், கேர்னல் சொன்ன காரணம் என்ன. தொலைபேசியில் எழுத்துக் கூட்டக் குறிச்சொல், கண்ணால் வாசிக்க வாக்கியம், இரண்டும். கோப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டேன், தொடக்கமும் முடிவும் தெரியட்டும் என்று. நாலேகால் மணி நேரம் சென்றது. வரும் அவசரத்தில் குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தரம் போனபோது அது இல்லை.

பிறகு காத்திருந்தேன். என் புரோகிராம் விழவேண்டும் என்று நான் வேண்டியது வாழ்க்கையில் அந்த இரண்டு நாள்தான். புதன் விழவில்லை. வியாழன் நாலு தரம் நானே தொலைபேசி எடுத்தேன்.

"விழுந்ததோ?"

"இல்லை சேர். நல்லா ஓடுது."

"சை."

"சேர், நீங்க ஏசுறதைப் பார்த்தா இனி அது பயத்தில விழாது."

விசாரணைக்கு முதல் நாளும் அவருக்குச் சிரிக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை.

5. வெள்ளி, 10.22

வெள்ளிக்கிழமை பளீலின் அறையில் மூவர் இருந்தோம். அவர், ரெஜினா, நான். கேட்காமலே போனேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டும், பதினொன்றேமுக்காலுக்குள் முடிப்போம் என்றார். வாசலில் அந்த நேரத்துக்கு நிமலை இருத்தியிருந்தார்கள். ரெஜினா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தார்.

பளீல் கோவையைத் திறந்து நாட்களை வாசித்தார். விழுந்தது ஐந்து தரம். ஐந்தும் ரெஜினாவின் ஷிஃப்ட்.

"நீங்க ஏதாவது செல்ல ஈக்கா?"

"நான் அழிக்கேல்லை சேர். பதினாறு வருஷத்தில ஒரு சீட்டைக்கூட நான் அழிச்சு எழுதினதில்லை. வெட்டினா வெட்டின இடத்தில சைன் வைக்கிறனான்."

அப்போது வெளியே ஹோர்ன் அடித்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. மேசையில் இருந்த இன்டர்கொம்மில் நிமலின் குரல் வந்தது. அவர் சிங்களவர், பளீலோடு சிங்களத்திலும் ரெஜினாவோடு உடைந்த தமிழிலும் கதைப்பார். இரண்டையும் கலந்து சொன்னார்.

"சேர், விழுந்தது! நான் ஒண்டும் செய்ய இல்ல! லொறி நம்பர் அடிச்சது, அவ்வளவுதான்!"

நேரத்தைப் பார்த்தேன். 10.22. பளீல் ரெஜினாவின் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் மடியில்தான் இருந்தன.

மூவரும் வாசலுக்கு நடந்தோம். நாற்பத்தாறு அடி. நிமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி ஒதுங்கினார், பொலிஸ் வந்ததுபோல. திரையில் என் செய்தி நின்றது. பளீல் குனிந்து வாய்விட்டு வாசித்தார்.

cannot create '/yard/in/M/S KOKILA TRADERS': ENOENT, No such file or directory

ஒருமுறை வாசித்தார். பிறகு மேற்கோள் குறிக்குள் இருந்ததை மட்டும் இன்னொருமுறை, மெதுவாக.

"ரெஜினா, இந்த வாடிக்கையாளர் யார்?"

"வத்தளைக் கடை சேர். புதுசு. காலைமை எட்டரைக்கு நான்தான் பதிஞ்சனான். பெட்டி இப்பத்தான் வந்திருக்கு."

"M/S எண்டு நீங்களா போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதானே சேர்."

கணினியின் இடது பக்கத்தில், என் தொலைபேசி இலக்கத்துக்கு மேலே, ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. நாலு தரம் வந்தும் நான் அதை வாசிக்கவில்லை. நவம்பர் முதலாம் திகதி. இனிமேல் புதிய வாடிக்கையாளர்களைப் பதியும்போது வர்த்தக மரபுப்படி பெயருக்கு முன்னால் M/S என்று மரியாதையாகப் போடவேண்டும். கீழே பளீலின் கையெழுத்து.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் ஒன்றாக விளங்கியது. கொழும்பில் எந்தக் கடையின் பில்லை எடுத்தாலும் பெயருக்கு முன்னால் M/S இருக்கும். அதிலுள்ள சாய்கோட்டை யாரும் எழுத்தாகவே பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். அதற்குச் சாய்கோடு என்றால் கோப்புறைக்குள் நுழைவது. என் புரோகிராம் வாடிக்கையாளரின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கும். M என்ற கோப்புறைக்குள் போய் S KOKILA TRADERS என்ற கோப்பை உண்டாக்கு என்று கேர்னல் விளங்கிக்கொண்டது. M என்று ஒரு கோப்புறை இல்லை. ENOENT. எதுவும் அழியவில்லை, இல்லாத ஒன்றைத்தான் அது இல்லை என்றது.

பழைய வாடிக்கையாளர்களின் பெயரில் M/S கிடையாது. ஆகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமலும் புதிய வாடிக்கையாளர்களைப் பதிந்திருந்தார். அவருக்கு ஏன் விழவில்லை என்று பளீல் கேட்டார்.

நிமல் தலையைச் சொறிந்தார். "சேர், அந்தக் கடதாசி... நான் இன்னும் வாசிக்க இல்ல."

ரெஜினா முதலில் சிரித்தார். பிறகு நான். பிறகு, சற்றுப் பொறுத்து, பளீல். அந்த யார்டில் மனேஜரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த ஒரே கிளார்க் அதற்காகவே விசாரணையில் இருந்தார்.

பளீலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் அறைக்குத் திரும்பவில்லை. லொறிகள் நிற்க, நிமலும் காவலாளியும் பார்த்திருக்க, அந்த வாசலிலேயே கடிதத்தைக் கோவையிலிருந்து எடுத்தார்.

"ரெஜினா, நான் பிழையா வெளங்கினேன். மன்னிச்சுக்கொள்ளுங்க." கடிதத்தை நாலாகக் கிழித்தார். "இன்டைக்கே ஹெட் ஒபிஸுக்கு எழுதுறேன். இது என்ட சுற்றறிக்கையால வந்த வேல எண்டே எழுதுறேன்."

"உங்கட பாதி, என்ட பாதி," என்றேன் நான். "பெயருக்குள்ள என்ன எழுத்து வரும் எண்டு பார்க்காமல் கோப்பு உண்டாக்கினது நான்."

"அப்ப M/S இனிப் போட வேணாமா அங்கிள்?"

"போடுங்கோ. மரியாதையை ஏன் குறைக்கவேணும்? நான் உள்ளுக்குச் சாய்கோட்டை ஒரு சின்னக் கோடாக மாத்திவிடுறன்."

நாலு வரி. பதினைந்து நிமிடம். பளீல் ஜும்ஆவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கோகிலா டிரேடர்ஸின் பெட்டி 11.08க்கு அதன் சொந்தப் பெயரில், M/S மரியாதையோடு, உள்ளே போனது. தடுப்புக் கம்பம் தூக்கியபோது ரெஜினா கதிரையில் உட்கார்ந்துகொண்டே லொறிக்காரருக்கு ஒரு சலூட் அடித்தார். அதற்குப் பிறகு அந்தப் புரோகிராம் இந்தக் காரணத்துக்காக ஒருநாளும் விழவில்லை.

பஸ்ஸில் வரும்போது அந்தச் செய்தியின் எழுத்துகளை எண்ணினேன். எழுபத்தெட்டு. திரையின் ஒரு வரியில் எண்பது எழுத்துக்கு இடம் உண்டு. பதினான்கு வருடம் பத்து எழுத்தோடு நிறுத்தி, நான் மிச்சம்பிடித்ததாக நினைத்த இடம் வெறுமனே கறுப்பாகக் கிடந்தது.

இப்போது C எழுதுகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஒரு சிஸ்டம் கோல் தோற்றால், வேறெதையும் தொடமுன் errnoவை எடுத்து வையுங்கள். எதைச் செய்யப் போனீர்கள், எந்தக் கோப்பில், ஏன் முடியவில்லை என்று முழுதாக எழுதுங்கள். பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். எழுதியதைத் தொலைபேசியில் இன்னொருவர் வாசிக்கப் போகிறார் என்று நினைத்து ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் வராது. நீங்கள் இல்லாத இடத்தில், உங்கள் பிழைக்குப் பதில் சொல்லவேண்டிய ஒருவருக்கு முன்னால் வரும்.

திங்கட்கிழமை வெள்ளவத்தையில் ஒரு கேக் வாங்கினேன். மேலே என்ன எழுதுவது என்று பேக்கரிப் பெண் கேட்டார். M/S ரெஜினா என்று சொன்னேன்.

"M/S எண்டா, மிஸிஸா அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. அந்தச் சாய்கோட்டை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ."

கேக்கைப் பஸ்ஸில் கொண்டுபோனால் நசிந்துவிடும் என்று ஓட்டோ பிடித்தேன். வாசலில் அதை வெட்டியபோது ரெஜினா முதல் துண்டைப் பளீலுக்கும் இரண்டாவதை எனக்கும் தந்தார். சாய்கோடு இருந்த துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

பஸ், நாலு தரம் போய்வரவும் கடைசி நாள் திரும்பவும், 1,080 ரூபா. ஓட்டோ 1,100. தொலைந்த குடைக்குப் புதியது 1,450. கேக் 2,600. மொத்தம் 6,230 ரூபா.